ஐர்வெனின் ரிவர்ஸ் கியரும் இத்வாலின் முப்பது வருஷமும்

ஐர்வென் அக்கா பின்னோக்கிக் கார் ஓட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ட்ரெகாரன் என்கிற எங்கள் சின்ன ஊரிலிருந்து மலைப்பக்கம் ஏறும் சாலைகளில் ஒரே ஒரு வண்டிதான் போக முடியும். இரண்டு பக்கமும் முள்வேலி முளைத்த மண்கரை. எதிரே டிராக்டர் வந்துவிட்டால் யாராவது ஒருவர், ரோடு கொஞ்சம் அகலமாகிற ஒதுங்குமிடம் வரைக்கும் பின்னாலேயே போயாக வேண்டும். யார் போவது என்பதற்குச் சட்டம் கிடையாது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா மட்டும் உட்கார மாட்டார். கண்ணாடியைக்கூடச் சரியாகப் பார்க்காமல், கழுத்தை ஒரு திருப்புத் திருப்பி, வளைவு, மேடு, ஆடு எல்லாவற்றையும் தாண்டி, தண்ணீர் சரிவில் இறங்குவதுபோலச் சிவப்புக் காரைக் கொண்டுபோய் ஒதுங்குமிடத்தில் செருகுவார். கடந்து போகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். எங்கள் பக்கத்தில் நன்றி என்றால் அவ்வளவுதான். அக்காவும் ஒரு விரலைத் தூக்குவார். முடிந்தது.

நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துப் பார்த்து அசந்துபோயிருக்கிறேன். அக்காவுக்கும் எனக்கும் ஒரே வேலை. முடியாத பெரியவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்வது: எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கஞ்சி ஊட்டி, அடுத்த வீட்டுக்குப் போவது. ஒருத்தர் தூக்கி ஒருத்தர் பிடிக்க வேண்டிய வீடுகளுக்கு இரண்டு பேராகப் போவோம். எனக்கு லைசென்ஸ் இல்லை. அக்காவின் கார்தான். அந்தப் பண்ணைவீடுகளுக்குப் பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் அக்காவுக்கு அந்த வேலையும் கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன இலையுதிர்காலத்தில் அக்காவும் அவர் புருஷன் இத்வாலும் பிரிந்தார்கள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. "ஒரு நாள் டீ குடிச்சிட்டு இருந்தோம், ரெண்டு பேருக்குமே பேச ஒண்ணும் இல்லைன்னு தோணிச்சு, அவ்ளோதான் கண்ணு" என்றார் அக்கா. இத்வால் பண்ணைவீட்டிலேயே இருந்துகொண்டார். அக்கா பதினெட்டு வயது மகள் ஃப்ளூரோடு ஊர்ச் சதுக்கத்தில் மீன்வறுவல் கடைக்கு மேலே ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டார். சிவப்புக் காரை இத்வால் விட்டுக்கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு பிக்கப் வண்டி வாங்கும் ஆசை ரொம்ப நாளாக இருந்தது.

கார் இன்ஷூரன்ஸ் மட்டும் இத்வால் பேரில் இருந்தது. அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது.

அதனாலென்ன, நம் பேரில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று திங்கட்கிழமை மத்தியானம் கெய்னோரின் ஆபீஸுக்குப் போனோம். கெய்னோர் எங்கள் ஊர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அவளும் அக்காவும் ஒரே பள்ளிக்கூடம். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஹீட்டருக்கு முன்னால் கெய்னோரின் ஈர பூட்ஸ்.

"வாடி ஐர்வென். அஞ்சு நிமிஷ வேலைதான், உக்காரு."

கெய்னோர் பெயர், வயது எல்லாம் தட்டினாள். பிறகு முகம் ஒரு மாதிரி ஆனது. திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். போன வருஷம் இத்வால் கட்டியதைப்போல மூன்று மடங்கு.

"இது என்னடி, காருக்கு விலையா?"

"இல்ல, இன்ஷூரன்ஸ்தான்."

"அதே கார் தானே? அதே ரோடு தானே? ஓட்டப் போறதும் நான்தானே?"

"கார் அதே கார். மத்ததெல்லாம் மாறிப்போச்சு. முன்ன பண்ணைவீட்டுக் கொட்டாய்ல பூட்டி வெச்சிருந்த. இப்ப சதுக்கத்துல தெருவுல நிக்குது. சனிக்கிழமை ராத்திரி குடிச்சிட்டு வர்ற பசங்க எவனாச்சும் கண்ணாடிய ஒடைப்பான்னு கம்பெனி நினைக்குது."

"சரி, அதுக்கு மூணு மடங்கா?"

"முன்ன கல்யாணம் ஆனவ. இப்ப பிரிஞ்சவ. அதுக்கும் கொஞ்சம் ஏறும்."

அக்கா என்னைப் பார்த்தார். "அந்த ஆளு வீட்ல இருந்தா நான் நல்லா ஓட்டுவேனாம். இல்லைன்னா மரத்துல போய் முட்டுவேனாம். கேட்டியா கண்ணு இதை?"

"நான் சொல்லல, கம்ப்யூட்டர் சொல்லுது" என்றாள் கெய்னோர். "வேலைக்காக வீடுவீடாப் போறதுக்குத் தனியா ஏறும். ஃப்ளூர் இப்பதான் லைசென்ஸ் எடுத்தா, அவளும் ஓட்டுவான்னு போட்டிருக்கேன்."

"ஃப்ளூரை எடுத்துப் பாரு."

எடுத்தாள். சடாரென்று இறங்கியது. அக்கா முகம் மலர்ந்தது. பிறகு வாடியது. "வாரத்துல ஒரு நாள் அவ காலேஜுக்கு எடுத்துட்டுப் போறாளே. வேண்டாம், சேரு. பொய் சொல்ல வேண்டாம்." மறுபடி ஏறியது.

"பாதுகாப்பைக் கொறைச்சுக்கிட்டா? நான் யாரையாச்சும் இடிச்சா அவங்களுக்கு மட்டும் குடுக்கட்டும். என் கார் எப்படியோ போகட்டும்."

கெய்னோர் தட்டினாள். விலை இன்னும் கொஞ்சம் கூடியது.

எனக்கே தலை சுற்றியது. கம்மியாகக் கேட்டால் ஏன் ஜாஸ்தி? அதற்குக் கெய்னோர் சொன்ன காரணம்: கம்மியாகக் கேட்கிறவர்கள்தான் அதிகம் இடிக்கிறார்களாம், அதனால் அவர்களுக்கு விலை அதிகமாம். ஏழையாகப் பார்த்து அடிப்பதுபோல இருந்தது. ஆனால் அதை வைத்துக் கெய்னோரோடு சண்டை போட முடியாது, அவள் கணக்குப் போடுகிறவள் இல்லை.

"அனுபவமுள்ள பெரியவங்க யாரையாச்சும் கூட ஓட்டுறவங்களா சேர்த்தா எறங்கும். உன் மாமியார் இருக்காங்களா இன்னும்?"

"இருக்காங்க. ஆட்டுக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாது இப்ப. அவங்களைச் சேர்த்தா எனக்கு விலை எறங்குமா?"

"எறங்கும். ஆனா நிஜமா ஓட்டப்போறவங்களா இருக்கணும்."

"கண்ணு தெரியாதவங்க பக்கத்துல இருந்தா நல்லது, முப்பது வருஷமா ஓட்டுற நான் தனியா இருந்தா ஆபத்து. சரிதான்" என்று அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் சத்தமே இல்லை.

அப்போதுதான் கெய்னோர் முக்கியமானதைச் சொன்னாள். கொட்டாய், பிரிவு, ஃப்ளூர் எல்லாம் சில்லறைகளாம். பெரிய விஷயம் வேறு. இடிக்காமல், ஒரு நஷ்டஈடும் கேட்காமல் ஓட்டிய ஒவ்வொரு வருஷத்துக்கும் கம்பெனி தள்ளுபடி தரும். அந்த வருஷங்கள் யார் பேரில் பாலிசி இருக்கிறதோ அவர் கணக்கில்தான் சேரும். கூட ஓட்டுகிறவராகப் பேர் போட்டிருந்தவருக்குச் சேராது.

"அதாவது முப்பது வருஷமும் இத்வாலோடது. உன் கணக்குல, பூஜ்யம். கம்பெனிய பொறுத்தவரைக்கும் நீ நேத்துதான் காரைப் பார்த்தவ."

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"அவன் ஓட்டவே இல்லையேடி."

அதுதான் உண்மை. ஊருக்கே தெரியும். இத்வால் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். வாரம் இரண்டு நாள் பாட்டுப் பயிற்சி, பிறகு பப். சனிக்கிழமை ரக்பி, பிறகு பப். சந்தைக்குப் போனாலும் பிறகு பப். எங்கே போனாலும் திரும்பி ஓட்டிக்கொண்டு வருவது அக்காதான். திரும்பி வருவது அக்கா என்றால் போகும்போதும் அக்காவே ஓட்டிவிடலாம் என்று கல்யாணமான புதிதிலேயே முடிவாகிவிட்டது. இத்வால் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வருவார். எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்களில் இப்படித்தான். கார் புருஷன் பேரில், சாவி பெண்சாதி பையில். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

கெய்னோர் கையை உயர்த்தினாள். "இருடி. இப்ப நீ சொன்னதை நான் கேட்டா, அதிகமா ஓட்டுறவர்னு இத்வால் பேரைப் போட்டது தப்புன்னு ஆயிடும். அப்புறம் அந்த முப்பது வருஷமும் யாருக்கும் இல்லாமப் போனாலும் போகலாம். கம்பெனி என்ன செய்யும்னு எனக்கே தெரியல. யோசிச்சுட்டு வா."

வெளியே வந்து சிவப்புக் காரில் உட்கார்ந்தோம். அக்கா சாவியைப் போடவே இல்லை.

"நான் நல்லா ஓட்டினேன்னு நிரூபிக்கணும்னா, ஓட்டினது நான்தான்னு சொல்லணும். சொன்னா தப்பாயிடும். சொல்லலைன்னா நான் ஓட்டவே இல்லைன்னு ஆயிடும். எனக்குப் புரியலடா கண்ணு. உனக்குப் புரியுதா?"

எனக்கும் புரியவில்லை. சத்தியமாக அழுகை வந்தது. அக்காவின் கை மட்டும் கியரின் மேல் பழக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலமே அக்கா பண்ணைவீட்டுக்குப் போனார், நானும் கூட. வாசலில் புத்தம்புது நீலப் பிக்கப் வண்டி. இத்வால் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பாடினால் சுவர் அதிரும்.

"இதுக்கு இன்ஷூரன்ஸ் எவ்ளோ வந்துச்சு தெரியுமா ஐர்வென்? ரொம்பக் கம்மி! கெய்னோரே அசந்துட்டா. முப்பது வருஷம் ஒரு கீறல் இல்ல பாரு."

"யாரு கீறல?"

இத்வால் துடைப்பதை நிறுத்தினார்.

"யோவ், அந்த வருஷமெல்லாம் எனக்கு மாத்திக் குடுக்க முடியுமான்னு கெய்னோர்கிட்ட கேக்கலாம்னு வந்தேன். இல்லைன்னா சனிக்கிழமைக்கு அப்புறம் என்னால வேலைக்குப் போக முடியாது."

"அது என் பேர்ல இருக்குது."

"பேர்ல இருக்கு."

"உனக்குக் குடுத்துட்டா எனக்கு இந்த வண்டிக்கு?"

"உனக்கு ஒண்ணும் இருக்காது. இப்ப எனக்கு இருக்கிற மாதிரி."

"நானும் ஓட்டியிருக்கேன் ஐர்வென்."

"எப்பய்யா?"

இத்வால் ரொம்ப நேரம் யோசித்தார். "ஃப்ளூர் பொறந்தன்னிக்கு நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனேன்."

"ஆமா. வழியில இறங்கி ரிவர்ஸ் எடுத்தது நான்."

நான் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். இத்வாலுக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயமாகச் சம்பாதித்த ஏதோ ஒன்றை யாரோ பறிக்க வந்ததுபோலத்தான் அவர் முகம் இருந்தது. அவருக்கும் குழப்பம்தான். முப்பது வருஷமாக நல்ல டிரைவர் என்று ஒரு கம்பெனியே சொன்னால் எந்த மனுஷனும் நம்பத்தானே செய்வான்? "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை வந்தது. இத்வாலிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் வேலை பார்க்கிற இடத்தில், அக்கா போகிற வீடுகளை வேறு யாருக்கு மாற்றுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பென்லன் பண்ணையில் ஒரு பெரியவர், அக்கா ஊட்டினால்தான் வாயைத் திறப்பார். அவரிடம் அக்கா இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார்.

பென்லனிலிருந்து இறங்கி வரும்போது முன்னால் ஒரு நீலப் பிக்கப். ஆமை மாதிரி நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, வளைவில், மேலே ஏறி வரும் பால் லாரி. ஒரு மாடி வீடு உயரத்துக்குப் பெரிய வெள்ளித் தொட்டி. பால் லாரி பின்னால் போகாது, போகவும் முடியாது. நாங்கள்தான் போக வேண்டும்.

அக்கா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. கழுத்தைத் திருப்பினார், இரண்டு வளைவு தாண்டி ஒதுங்குமிடத்தில் போய் நின்றார். பிக்கப் வருவதற்கு இடம் விட்டுக் காத்திருந்தோம். வரவில்லை. லாரியின் ஹாரன் கேட்டது. இன்னும் வரவில்லை.

இறங்கி ஓடினோம். இத்வாலின் பிக்கப் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. பின்பக்கம் கரையில் ஏறியிருந்தது, மூக்கு எதிர்க்கரையைப் பார்த்திருந்தது. லாரிக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அண்ணே, பால் தயிராயிடும் போல இருக்கே!" என்றார்.

இத்வாலின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வேர்த்துக் கொட்டியிருந்தது. அக்காவைக் கண்டதும் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

"நல்லவேளை வந்த. ஏறு, எடு."

அக்கா ஒரு கால் வைத்தார். எனக்குத் தெரியும், அந்தக் காலுக்கு முப்பது வருஷப் பழக்கம். அப்புறம் நின்றார். காலை எடுத்துவிட்டார்.

"முடியாது."

"என்னது முடியாது? உன்னால முடியாதா?"

"என் பேரு இந்த வண்டி பாலிசில இல்ல. நான் தொட்டு ஏதாச்சும் ஒடைஞ்சா இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டினேன்னு ஆயிடும். என் லைசென்ஸ் போயிடும். அது ஒண்ணுதான்யா இப்ப என் பேர்ல இருக்கு."

இத்வால் லாரியைப் பார்த்தார், பிக்கப்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அப்ப யாரு எடுக்குறது?"

"நீதான். முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவன் நீதானே."

குத்தலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. லாரிக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். இத்வால் ஏறி உட்கார்ந்தார்.

அக்கா வண்டிக்குப் பின்னால் போய், இத்வால் கண்ணாடியில் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டார். கையைத் தூக்கினார்.

"மொதல்ல முன்ன போ. கொஞ்சம். போதும். இப்ப வா. ஸ்டியரிங்க பாக்காத, என்னைப் பாரு. இடது... உன் இடது இல்லய்யா, வண்டியோட இடது... ரெண்டும் ஒண்ணுதான், பயப்படாத, வா. நில்லு. மூச்சு விடு. வா."

முதல் வளைவில் கரைக்கல்லில் உரசி ஒரு நீளக் கோடு விழுந்தது. சத்தம் கேட்டு இத்வால் கண்ணை மூடிக்கொண்டார். "பரவாயில்ல, பெயிண்ட்தான், வா" என்றார் அக்கா. மழை தூற ஆரம்பித்தது. அக்கா பின்னாலேயே நடந்தார். குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. அந்தப் பெரிய நீல வண்டி அவர் கையசைவுக்கு மிரண்ட மாடு மாதிரி மெதுமெதுவாக அடங்கி வந்தது. நான் ரோட்டோரத்தில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது, அவ்வளவும் எந்தக் கணக்கிலும் இல்லாமல் இருந்திருக்கிறது!

ஒதுங்குமிடத்தில் வண்டியைச் சேர்த்ததும் லாரி உரசுவதுபோலக் கடந்து போனது. லாரிக்காரர் ஒரு விரலைத் தூக்கினார். இத்வாலைப் பார்த்து இல்லை, அக்காவைப் பார்த்து. இத்வால் அதைப் பார்த்தார்.

ஜன்னலை இறக்கினார். "ஐர்வென். இதை நீ தினமும் செஞ்சியா?"

"ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை."

"நான் பக்கத்துல இருக்கும்போதா?"

"தூங்கிட்டிருப்ப."

வெள்ளிக்கிழமை காலை, ஆபீஸ் திறப்பதற்கு முன்னாலேயே இத்வால் கெய்னோர் வாசலில் நின்றாராம். கெய்னோர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளே வந்ததும் அவர் சொன்னது: "அதிகமா ஓட்டினது நான் இல்ல. அவதான். கம்பெனிக்குச் சொல்லிடு. தப்புன்னா என் மேல போடு."

கெய்னோர் பயந்துகொண்டேதான் போன் போட்டாளாம். யார் யாரிடமோ மாற்றி மாற்றிப் பேசினாளாம். கடைசியில் ஒருத்தர் கேட்டது ஒரே கேள்விதான்: அந்த வருஷங்களைப் புருஷன் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறாரா? விட்டுக்கொடுத்தால் மாற்றலாம், ஒரே பாலிசியில் கூட இருந்தவர்தானே.

"அவ்ளோதானா? முப்பது வருஷமும் எனக்கு வந்துடுச்சா?" என்று மத்தியானம் கெய்னோரின் ஆபீஸில் உட்கார்ந்து அக்கா கேட்டார்.

"ஒன்பது வந்துச்சு. ஒன்பதுக்கு மேல எத்தனை இருந்தாலும் இந்தக் கம்பெனிக்கு ஒண்ணுதான்."

"அப்ப மிச்ச வருஷமெல்லாம்?"

"அதை யாரும் எண்ணுறதில்ல."

கெய்னோர் திரையைத் திருப்பினாள். இறங்கியிருந்தது, நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் பழைய விலைக்கு வரவில்லை.

"இன்னும் ஏண்டி கூட இருக்கு?"

"எல்லாருக்குமே இந்த வருஷம் ஏறியிருக்கு."

"நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. எங்கயோ யாரோ இடிச்சிருக்காங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "புரியுதா?" இல்லை என்று தலையாட்டினேன். "எனக்கும்தான்" என்றபடி பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பென்லன் பெரியவர் வாயைத் திறந்து கஞ்சி குடித்தார். அவருக்கு இதெல்லாம் எதுவுமே தெரியாது.

இத்வாலுக்குத்தான் பாவம், விலை எகிறிவிட்டது. குறைக்க ஒரே வழி, புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு வைக்கிற கறுப்புப் பெட்டியை வண்டியில் மாட்டிக்கொள்வது. வேகமாகப் போனால், திடீரென்று பிரேக் போட்டால், அது கம்பெனிக்குச் சொல்லிவிடும். அறுபதை நெருங்குகிற மனுஷர், மகள் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து மார்க் வாங்கிக்கொண்டிருக்கிறார். "அப்பாவுக்கு இந்த வாரம் என்ன மார்க்?" என்று ஃப்ளூர் போனில் கேட்பாள். பப்பில் இப்போதெல்லாம் எலுமிச்சை சோடாதான் குடிக்கிறாராம், திரும்பி ஓட்ட யாரும் இல்லையே.

போன வாரம் அதே ரோட்டில் அந்த நீலப் பிக்கப் எதிரே வந்தது. அக்கா பழக்கத்தில் கழுத்தைத் திருப்பினார். அதற்குள் பிக்கப் தானாகப் பின்னால் போக ஆரம்பித்துவிட்டது. ஒரு முறை கரையில் முட்டப் பார்த்தது, நின்றது, முன்னால் வந்தது, மறுபடி போனது. வால் ஆடியது. அக்கா ஹாரன் அடிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது: "இடது... இடது... நில்லு... வா."

ஒதுங்குமிடத்தில் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் கோணல்தான். நாங்கள் கடந்து போகும்போது அக்கா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

இத்வால் பதிலுக்குக் கை முழுவதையும் தூக்கினார். உடனே பயந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.